லண்டனில் இருக்கும் அண்ணன் மகள் இனி ஓட்டே போடமாட்டேன் என்கிறாள். அங்கே அரசியல் அவ்வளவு கெட்டுவிட்டதா?

கேள்வி: மந்தைவெளி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் அண்ணன் மகள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருக்கிறாள், நர்ஸ் வேலை. இந்திய பாஸ்போர்ட்தான். ஆனால் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான விசாவோடு அங்கே வசிக்கும்வரை நாடாளுமன்றத் தேர்தலில்கூட அவளுக்கு ஓட்டு உண்டு. இங்கே இருந்தவரை ஒரு தேர்தலையும் விடாத பெண். இப்போது, "இந்த ஊரில் இனிமேல் ஓட்டுப் போடப் போவதில்லை அத்தை" என்கிறாள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தவள். மாஸ்க் பெட்டியில் காலாவதித் தேதியை மறைத்து வேறொரு தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அந்தப் பெட்டியை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள், இன்னமும் என் போனில் இருக்கிறது. கவுன் தீர்ந்துபோன இரவுகளில் குப்பைக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டிக்கொண்டு நோயாளி பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்கள். கூட வேலை பார்த்த ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் அந்த மாதமே இறந்துபோனார்.

அதே மாதங்களில் அப்போது ஆண்ட கன்சர்வேடிவ் கட்சிக்கு வேண்டியவர்களுக்கு என்று கவுன், மாஸ்க் விற்கத் தனி வழி இருந்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது. "எங்களிடம் கவுன் இல்லை, அவர்களிடம் மந்திரியின் போன் நம்பர் இருந்தது" என்று போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சொல்லும்போது அவளுக்குக் குரல் நடுங்கியது. சரி, அந்தக் கட்சிதான் 2024இல் தோற்றுவிட்டதே என்றேன். வந்தவர்களும் ஓசியில் சட்டை துணிமணி வாங்கிப் போட்டவர்கள்தான், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்கிறாள்.

எனக்கு இது புரியவில்லை. ஒவ்வொரு பைசாவுக்கும் ரசீது வைக்கிற ஊர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிற பெரியவர் ஒருவர், பேப்பரில் எந்த ஊழல் செய்தி வந்தாலும் "இதுக்கு வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலை" என்பார். அப்படிப்பட்ட ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கிறது? பிடிபட்டால் யாராவது தண்டனை அனுபவிக்கிறார்களா? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது? அங்கே இருந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வேளச்சேரிக்காரன்

மேடம், அங்கே படித்துவிட்டு கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். உங்கள் அண்ணன் மகள் சொல்கிற அந்தத் துணிமணி விஷயம் வெடித்தபோது அங்கேதான் இருந்தேன்.

என் வீட்டுக்கார அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். தனியாக இருப்பவர், மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே பென்ஷன்காரர்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அரசாங்கம் வருஷா வருஷம் 200 அல்லது 300 பவுண்டு கொடுக்கும். 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கையோடு லேபர் கட்சி, மிக ஏழைகளைத் தவிர மற்றவர்களுக்கு இதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சுமார் 1 கோடி முதியவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் நின்றுபோனது. என் வீட்டம்மாவுக்கும்தான். சொற்ப வித்தியாசத்தில் தகுதி இல்லை என்று ஆகிவிட்டது.

செப்டம்பரில் பார்த்தால், பிரதமர் ஸ்டார்மர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்திலிருந்து 1 லட்சம் பவுண்டுக்கு மேல் அன்பளிப்புகளும் டிக்கெட்டுகளும் வாங்கியிருக்கிறார் என்று செய்தி. கோட்டு, கண்ணாடி எல்லாம் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபு சபையின் உறுப்பினர் வஹீத் அல்லி என்கிற செல்வந்தர் வாங்கிக் கொடுத்தது. அந்த அல்லிக்கு தேர்தல் முடிந்ததும் பிரதமர் அலுவலகம் இருக்கும் டவுனிங் ஸ்ட்ரீட்டுக்குள் போய்வர பாஸும் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மட்டும் 2,000 பவுண்டுக்கு மேல். அந்த அம்மா சமையலறை மேஜையில் கேஸ் பில்லைப் பிரித்து வைத்துக்கொண்டு, தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் காட்டி, "இது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினது" என்றார். திட்டவில்லை, கத்தவில்லை. நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அத்தனையும் முறைப்படி பதிவேட்டில் காட்டப்பட்டவைதான், கொஞ்சம் தாமதமாகச் சேர்க்கப்பட்ட சில துணிகளைத் தவிர. விதிப்படி குற்றம் இல்லை. அக்டோபரில் 6,000 பவுண்டு மதிப்புள்ளதைத் திருப்பிக் கட்டினார். அந்த அம்மாவின் பிரச்சினை விதி இல்லை. "எனக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்கிறவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கத் தயங்கவில்லையே" என்பதுதான். உங்கள் பெண்ணுக்கும் அதே வலிதான் என்று நினைக்கிறேன்.

பதில்: பழைய ஆடிட்காரர், நங்கநல்லூர்

அம்மா, தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக் காலம் முழுக்க டெண்டர் கோப்புகளோடு கழித்தவன். "எப்படி நடக்கிறது" என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

எங்களுக்கு சிஏஜி மாதிரி அங்கே தேசியத் தணிக்கை அலுவலகம். 2020 நவம்பரில் அவர்கள் கொரோனா கொள்முதல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நானும் இறக்கிப் படித்தேன். அந்த ஜூலை முடியும்வரை 1,800 கோடி பவுண்டு அளவுக்கு ஒப்பந்தங்கள். அதில் 1,050 கோடி பவுண்டு வேலையை டெண்டரே விடாமல் நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். இதை மட்டும் வைத்து நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். பெருந்தொற்று நேரம். நம் ஊரில் 1998இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்திலும் அவசர காலத்துக்கு விலக்கு உண்டு. வெள்ளம், புயல் வந்தால் டெண்டர் போட்டுக்கொண்டு உட்கார முடியாது.

என்னை உலுக்கியது வேறு. பாதுகாப்பு உடை விற்க வந்தவர்களை இரண்டு வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள். மந்திரி, எம்.பி., பிரபு சபை உறுப்பினர், உயர் அதிகாரி என்று யாராவது கைகாட்டி அனுப்பினால் முன்னுரிமை வரிசை. மற்றவர்களுக்குப் பொது வரிசை. முன்னுரிமை வரிசையில் வந்த 493 பேரில் 47 பேருக்கு ஒப்பந்தம். பொது வரிசையில் 14,892 பேரில் 104 பேருக்கு. அதாவது முன்னுரிமை வரிசையில் பத்தில் ஒருவருக்கு, பொது வரிசையில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. பல காலமாக மருத்துவமனைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்கள் போன் அடித்துப் பதில் வராமல் காத்திருந்தது பொது வரிசையில்.

ஆடிட் பார்ட்டி ஒரு கொள்முதல் கோப்பை எடுத்தால் கடைசிப் பக்கத்து விலைக்கு முதலில் போகமாட்டோம். இந்தக் கம்பெனியின் பெயர் கோப்புக்குள் முதல்முதலாக எந்தப் பக்கத்தில் வருகிறது, யார் குறிப்பில் வருகிறது என்று பார்ப்போம். ஒரு கடிதம் இருக்கும், அல்லது ஓரத்தில் பென்சிலில் "பேசவும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக வரும். அந்த அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? முன்னுரிமை வரிசைக்கு வந்த கம்பெனிகளில் பாதிப் பேரைக்கூட யார் சிபாரிசு செய்தார்கள் என்று எழுதிவைக்கவில்லை. அந்த முதல் பக்கமே கோப்பில் இல்லை. இந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் படிக்க மனசு வரவில்லை.

அந்த வழியில் வந்த ஒரு கம்பெனியிடம் வாங்கிய 5 கோடி மாஸ்க்கை மருத்துவமனைக்கு அனுப்பவே முடியவில்லை. தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் காதில் மாட்டும் வளையம் இருந்தது. முகத்தோடு ஒட்டாது, காற்று புகும். ஒரு மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்த நர்ஸ் யாராக இருந்தாலும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த முன்னுரிமை வரிசை நடத்தப்பட்ட விதம் சட்டவிரோதம் என்றது. ஆனால் ஒப்பந்தம் எதுவும் ரத்தாகவில்லை. இன்னொரு வழக்கு: பிரபு சபை உறுப்பினர் மிஷெல் மோன் சிபாரிசு செய்த ஒரு கம்பெனிக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தங்கள் கிடைத்தன. அந்தக் கம்பெனியோடு தனக்குச் சம்பந்தமே இல்லை என்று பத்திரிகைகளிடம் பல காலம் சொன்னவர், அது உண்மையில்லை என்று 2023 டிசம்பரில் டி.வி. பேட்டியில் ஒப்புக்கொண்டார். அவர்கள் கொடுத்த 2.5 கோடி கவுன்கள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை என்று நிரூபிக்க முடியாததால் சுமார் 12.2 கோடி பவுண்டைத் திருப்பித் தர வேண்டும் என்று 2025 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முந்தைய நாளே அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. மோனும் அவர் கணவரும் தாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்கிறார்கள். அது அவர்கள் பக்கம். குப்பைப் பையை மாட்டிக்கொண்டு நின்ற உங்கள் பெண்ணுக்கு ஐந்து வருஷம் கழித்து வந்த தீர்ப்பு அது.

நம் ஊரில் லஞ்சம் என்றால் நமக்கு முகம் தெரியும். பத்திரப்பதிவிலோ பட்டா மாற்றத்திலோ யார் கேட்டார், எவ்வளவு கேட்டார் என்று வீடு திரும்பியதும் சொல்லிவிடலாம். அங்கே ஒரு சாதாரண மனிதர் வாழ்நாள் முழுக்க எந்த அரசு ஊழியருக்கும் பத்து பைசா கொடுக்காமல் வாழ்ந்து முடிக்கலாம். அது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் சுத்தமாக இருப்பதாலேயே மேலே நடப்பதை மக்கள் வெகுகாலம் நம்பவில்லை. மேலே பணம் கை மாறுவதில்லை. அறிமுகம் கை மாறுகிறது. ஒன்றாகப் படித்தவர், கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர், பழைய மந்திரி, எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். எந்த இடத்திலும் நீங்கள் கை வைத்து "இது குற்றம்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் மக்களுக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

பதில்: திருவல்லிக்கேணி

பூங்காப் பெரியவருக்கு என் சார்பில் ஒரு விஷயம் சொல்லுங்கள் அம்மா. சேப்பாக்கம் மைதானத்துக்கு எதிரே, எழிலகம் வளாகத்துக்குள் இருக்கிறதே ஆற்காடு நவாபின் பழைய மாளிகை, அதை ஒருமுறை அவர் போய்ப் பார்க்கட்டும். நான் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவன். ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக அங்கே அலைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அந்தச் சிவப்புச் சுவரின் கதை தெரிந்தவர்கள் குறைவு.

1768 வாக்கில் நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக அதைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்லப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் எஞ்சினியராக மதராஸுக்கு வந்தவர். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டுதான். ஆனால் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து, தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சல் வருமானத்தில் தனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் வர வேண்டும் என்று கணக்குக் காட்டினார். தஞ்சாவூரை மறுபடி மராட்டிய ராஜாவிடமே ஒப்படைத்த கவர்னர் பிகட் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. என்ன நடந்தது? 1776இல் அவருடைய சொந்தக் கவுன்சில்காரர்களே கவர்னரைக் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே இறந்துபோனார். மதராஸ் கவர்னர்!

பென்ஃபீல்டு ஊருக்குத் திரும்பி 1780இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். நவாபுக்குக் கடன் கொடுத்த இன்னும் சிலரும் அப்படித்தான். 1784இல் லண்டன் அரசாங்கம் அந்தக் கடன்களைச் சரிபார்க்காமலே ஒப்புக்கொண்டு, வருஷம் 4,80,000 பவுண்டு, நவாப் ஆண்ட கர்நாடகச் சீமையின் வருமானத்திலிருந்து கட்டச் சொன்னது. தேர்தலில் பென்ஃபீல்டு உதவியதற்குக் கைம்மாறு இது என்று எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து குற்றம்சாட்டினார். அந்தப் பேச்சில் நம் பக்கத்து ஏரிகளைப் பற்றி நீளமாகப் பேசியிருக்கிறார். பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளாவது இந்தச் சீமையில் இருக்கும், பழைய அரசர்கள் வெட்டிவைத்தவை, இந்தக் கடன் கொடுத்தவர்களின் காலத்தில் அவை கவனிப்பாரற்று உடைந்து கிடக்கின்றன என்று. கரை கட்ட வேண்டிய வரிப்பணம் லண்டனில் எம்.பி. சீட்டு வாங்கப் போனது.

பின்னால் வந்த கடன் கோரிக்கைகளைச் சரிபார்க்க 1805இல் ஒரு கமிஷன் போட்டார்கள். 3 கோடி பவுண்டுக்கு மேல் வந்த கோரிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானது என்று தேறவில்லை. இதுதான் அந்தத் தேவலை ஆட்சி. இப்போது லண்டனில் ஒன்றும் புதிதாகக் கெட்டுப்போகவில்லை.

பதில்: மந்தைவெளி வாசகி

எல்லோருக்கும் நன்றி. திருவல்லிக்கேணி சார், பிகட் கைதான விஷயத்தை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பணம் நாடாளுமன்ற சீட்டு வரை போனதை எங்கள் பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. பெரியவரிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஆடிட்காரர் சாரின் பதிலை அப்படியே அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். காதில் மாட்டும் வளையம் பற்றிப் படித்துவிட்டு உடனே பதில் போட்டாள், "எங்கள் வார்டில் எந்த நர்ஸைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்" என்று. அப்புறம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சரி அத்தை, எல்லாம் வெளியே வருகிறது, அறிக்கை வருகிறது, ராஜினாமா செய்கிறார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். பீட்டர் மாண்டல்சனைப் பார். பிறகு எதற்கு ஓட்டு?"

பதில்: பழைய ஆடிட்காரர், நங்கநல்லூர்

அந்தப் பெண் சரியான ஆளைத்தான் சொல்கிறாள். சக மந்திரியிடம் வீட்டுக்காக 3,73,000 பவுண்டு கடன் வாங்கியதை வெளியில் சொல்லவில்லை என்று 1998இல் லேபர் மந்திரி மாண்டல்சன் ராஜினாமா. திரும்பி வந்தார். இந்துஜா சகோதரர் ஒருவரின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குச் சிபாரிசு செய்தார் என்ற சர்ச்சையில் 2001இல் மறுபடி ராஜினாமா. அதில் அவர் முறைகேடாக நடக்கவில்லை என்று விசாரணை சொன்னது. பிறகு ஐரோப்பிய ஆணையர், 2008இல் மறுபடி மந்திரி, பிரபு சபை, கடைசியில் வாஷிங்டனுக்குத் தூதர். பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டைனுக்கு ஆதரவாக எழுதிய மெயில்கள் வெளியானதும் 2025 செப்டம்பரில் நீக்கினார்கள். எப்ஸ்டைனோடு நட்பு இருந்தது நியமிக்கும்போதே ஊருக்குத் தெரிந்த விஷயம்.

இப்படி ஏன் நடக்கிறது என்றால், அங்கே பல விஷயங்களுக்கு நீதிபதி பிரதமரேதான். மந்திரிகளின் நடத்தை விதியை மீறினாரா இல்லையா என்று ஆலோசகர் ஒருவர் விசாரித்துச் சொல்வார். என்ன செய்வது என்று முடிவு எடுப்பது பிரதமர். உள்துறை மந்திரி ப்ரீத்தி படேல் விதியை மீறினார் என்று 2020இல் ஆலோசகர் அறிக்கை கொடுத்தார். பிரதமர் ஜான்சன் ஏற்கவில்லை. மந்திரி இருந்தார், ஆலோசகர் ராஜினாமா செய்தார். பிரபு சபையும் அப்படியே. பீட்டர் க்ரடாஸ் என்கிற நன்கொடையாளருக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று நியமனக் குழு சொன்னதை அதே ஜான்சன் மீறினார். எந்தப் பிரதமரும் அதுவரை அப்படி மீறியதில்லை. 2021 பிப்ரவரியில் பிரபு சபையில் பதவியேற்ற சில நாட்களில் க்ரடாஸ் ஜான்சனின் கட்சிக்கு 5,00,000 பவுண்டு கொடுத்தார். இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

ஆனாலும் "எதற்கு ஓட்டு" என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அங்கே இந்த ஆட்களை உண்மையில் தண்டித்தது யார் என்று பாருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள் என்ற விவகாரம் 1994இல் வெடித்தது. அதில் சிக்கிய நீல் ஹாமில்டன் 1997 தேர்தலில் டாட்டன் தொகுதியில் நின்றார். அவர் கட்சிக்கு அது அசைக்க முடியாத தொகுதி. மார்ட்டின் பெல் என்கிற பி.பி.சி. போர்க்கள நிருபர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சுயேச்சையாக எதிர்த்து நின்றார். லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் தங்கள் வேட்பாளர்களை வாபஸ் வாங்கின. 11,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் பெல் ஜெயித்தார்.

2021 நவம்பரில் ஆளுங்கட்சி எம்.பி. ஓவன் பாட்டர்சன். இரண்டு கம்பெனிகளிடம் வருஷத்துக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு அவர்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினார் என்று நாடாளுமன்ற ஒழுங்கு ஆணையர் கண்டுபிடித்தார். 30 நாள் இடைநீக்கம் என்று குழு பரிந்துரைத்தது. அரசாங்கம் என்ன செய்தது? அவரைக் காப்பாற்ற விதிகளையே மறுபரிசீலனை செய்யலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து 250க்கு 232 என்று ஜெயித்தது. மறுநாளே ஊர் கொதித்ததில் பின்வாங்கியது, பாட்டர்சன் பதவி விலகினார். டிசம்பரில் நார்த் ஷ்ராப்ஷயர் இடைத்தேர்தல். கிட்டத்தட்ட 23,000 ஓட்டு வித்தியாசத்தில் வைத்திருந்த தொகுதியை ஏறக்குறைய 6,000 ஓட்டில் இழந்தார்கள். அந்த மாதம், கொரோனா ஊரடங்கின்போது டவுனிங் ஸ்ட்ரீட்டில் பார்ட்டி நடந்த செய்திகளும் சேர்ந்துகொண்டன, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த எம்.பி.க்கள் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்த மாதிரி எந்த அறிக்கையைப் பார்த்தும் பயந்ததில்லை.

2009 செலவுக்கணக்கு ஊழலும் அப்படித்தான். வாத்துக் கூண்டுக்கு 1,645 பவுண்டு, மாளிகை அகழியைச் சுத்தம் செய்ய 2,000 பவுண்டுக்கு மேல் என்று எம்.பி.க்கள் எழுதிக்கொடுத்த பில்கள் வெளியே வந்தன. ஹெதர் புரூக் என்கிற பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடியதில்தான் அது தொடங்கியது. சபாநாயகரே பதவி விலக வேண்டிவந்தது. சில எம்.பி.க்கள் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு செலவுக்கணக்கு எம்.பி.க்கள் கையில் இல்லை, தனி அமைப்பிடம் போய்விட்டது.

இங்கேயும் ஓர் உதாரணம் சொல்லத் தோன்றுகிறது. முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊர்க்காரர், பதவி விலகினார். அவரும் பின்னால் மந்திரியாகத் திரும்பி வந்தார், உண்மைதான். ஆனால் கேள்வி சொந்தக் கட்சிக்குள்ளிருந்து வந்தது. அப்படிக் கேட்கிற ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்றால் அவரை உள்ளே அனுப்ப யாராவது ஓட்டுப் போட வேண்டும்.

பதில்: வேளச்சேரிக்காரன்

ஆடிட்காரர் சார் சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தொகுதி ஒன்று இரண்டில் பாடம் கற்பித்தால் போதுமா? 2024இல் 34 சதவீத ஓட்டில் லேபருக்கு 63 சதவீத சீட்டு. பத்தில் நான்கு பேர் ஓட்டே போடவில்லை. கட்சிகளுக்கு யார் எவ்வளவு நன்கொடை கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. அதோடு 2023இல் தேசிய அளவில் கட்சிகள் செய்யக்கூடிய தேர்தல் செலவு வரம்பைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக உயர்த்தினார்கள். அவ்வளவு பணம் யார் தருவார்? பெரிய கைகள்தான். நன்கொடைக்கு வரம்பு வராதவரை ஆள்தான் மாறுவார்.

பதில்: பழைய ஆடிட்காரர், நங்கநல்லூர்

தம்பி, நன்கொடைக்கு வரம்பு வேண்டும் என்பதில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். பிரபு சபைக்கு நன்கொடையாளர்களை அனுப்புவதும் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள், க்ரடாஸ் கொடுத்த தேதியும் தொகையும் உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரிந்தது? கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் பெயரோடு காட்டியாக வேண்டும், ஆணையம் அதை வெளியிட்டாக வேண்டும். நம் நாட்டில் தேர்தல் பத்திரம் யார் வாங்கினார் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்யும்வரை நமக்குத் தெரியாது. பெயர் தெரிகிற இடத்தில் சண்டை போடலாம். அந்தப் பெண் ஓட்டை விட்டுவிட்டால் சண்டை போடுகிற ஆட்களில் ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

அம்மா, அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் தொகுதி எம்.பி. யாரிடம் என்ன வாங்கினார் என்ற பதிவேடு இணையத்தில் இருக்கிறது, நாடாளுமன்றம் கூடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 300 பவுண்டுக்கு மேற்பட்ட அன்பளிப்பு அதில் வந்தாக வேண்டும். 'தே வொர்க் ஃபார் யூ' என்ற தளத்தில் போய்த் தன் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எம்.பி. எதற்கு ஆதரவாக வாக்களித்தார், என்ன வாங்கினார் எல்லாம் வரும். ஏதாவது உறுத்தினால் எம்.பி.க்கே எழுதிக் கேட்கட்டும். தொகுதி வாக்காளர் எழுதினால் பதில் போடுவது அங்கே வழக்கம். கவுன், மாஸ்க் சிபாரிசு பற்றித் தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் அவள் கேட்க வேண்டும். அந்த வார்டில் நின்றவள் கேட்டால் மழுப்புவது கஷ்டம்.

பதில்: மந்தைவெளி வாசகி

அனுப்பிவிட்டேன் சார். எம்.பி.யின் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். ஓட்டுப் போடுவேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா, வாக்குச்சாவடியில் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஏற்பார்களா என்று கேட்கிறாள். வேளச்சேரி தம்பி, உங்களுக்குத் தெரியுமா?

பதில்: வேளச்சேரிக்காரன்

ஏற்பார்கள் மேடம். 2023 மே மாதத்திலிருந்து போட்டோ அடையாளம் கட்டாயம். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் செல்லும் பட்டியலில் உண்டு, நம்முடையதும் அதில் சேர்த்தி. பேர் பட்டியலில் இருக்கிறதா என்று அவள் வசிக்கும் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு போன் செய்தால் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் ஆன்லைனிலேயே பதியலாம், ஓட்டுப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு வரை. வீடு மாறியிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும், பழைய பதிவு தானாக வராது. நான் முதல் வருஷம் அதைக் கவனிக்காததால் உள்ளாட்சித் தேர்தலில் போட முடியவில்லை, அவளை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.